லித்யாவின் அத்தியாயம்

ரொறன்ரோவில் ரஷ்ய இலக்கியம் என்று யாராவது வாயைத் திறந்தால் அடுத்த நிமிடமே பத்மநாதனின் பெயர் வந்து விழும். மார்க்கம் நகரில் இருக்கிறார், ரஷ்ய மொழியைக் கரைத்துக் குடித்தவர், எல்லாவற்றையும் மூலத்திலேயே படித்தவர் என்பார்கள். வானொலிக்காரர் கூப்பிடுவார்கள். பத்திரிகைக்காரர் கூப்பிடுவார்கள். பத்மநாதனும் தொண்டையைச் செருமிக்கொண்டு போய் உட்கார்ந்து ஒரு மணி நேரம் விளாசிவிட்டு வருவார். அந்த மனிதருக்கு ரஷ்ய மொழியில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது என்ற சங்கதி இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் பத்மநாதன். மற்றவர் அவருடைய மனைவி ஜெயமலர்.

மொழி தெரிந்தவள் அவள்தான். எண்பத்து மூன்றாம் ஆண்டு புலமைப்பரிசில் கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து மொஸ்கோவுக்குப் போய் ஆறு வருடம் விவசாயம் படித்தவள். அந்தப் பட்டத்தைக் கனடாவில் யாரும் சீந்தவில்லை. பார்க்டேலில் ஒற்றை அறை அப்பார்ட்மெண்டில் குடித்தனம் தொடங்கி, மருந்துப் பெட்டி கட்டும் கொம்பனியில் இருபத்தேழு வருடம் காலில் நின்று, போன வருடம்தான் ஓய்வு பெற்றாள். அவள் மொஸ்கோவில் படித்தது சிலருக்குத் தெரியும். புருஷனும் அங்கேதான் படித்திருப்பார் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். பத்மநாதன் அதைத் திருத்தப் போகவில்லை. கனடாவுக்கு வருகிற வழியில் மொஸ்கோ விமான நிலையத்தில் பதினொரு மணி நேரம் வாங்கில் படுத்துக் கிடந்தது ஒன்றுதான் அவருக்கும் ரஷ்யாவுக்கும் இருந்த உறவு.

ஜெயமலர் மொஸ்கோவிலிருந்து வரும்போது உடுப்புகளைக் குறைத்துப் புத்தகங்களைக் கொண்டுவந்தாள். எல்லாம் ஸவேலி அர்தேமியேவ் என்ற பழைய நாவலாசிரியருடையவை. கூடவே, அவருடைய வாழ்வையும் படைப்புகளையும் பற்றி ஒரு ரஷ்யப் பேராசிரியர் எழுதிய தடித்த நூல் ஒன்று. அந்த நூலைத்தான் கணவனும் மனைவியும் ஒன்பது வருடமாகத் தமிழாக்கினார்கள்.

வேலை நடந்த விதம் இதுதான். சனி, ஞாயிறு காலைகளில் சாப்பாட்டு மேசைக்கு இந்தப் பக்கம் அவள் புத்தகத்தோடு உட்காருவாள். அந்தப் பக்கம் அவர் லாப்டொப்போடு உட்காருவார். அவள் ஒரு வாக்கியத்தை வாசித்து, மனதுக்குள் புரட்டி, தமிழில் சொல்லுவாள். அவர் தட்டச்சு செய்வார். "அன்று குளிராக இருந்தது" என்று அவள் சொன்னால் "அன்று குளிர் கொடுங்கோலோச்சியது" என்று திரையில் விழும்.

"அப்பிடி இல்லையப்பா. அந்தாள் சும்மா குளிராயிருந்தது எண்டுதான் எழுதியிருக்கு."

"உமக்குப் பாஷை தெரியும், இலக்கியம் தெரியாது. அடுத்ததைச் சொல்லும்."

இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்காக இடையிடையே புத்தகத்தைப் பறிப்பார். விரலை நாக்கில் தொட்டு, பக்கம் பக்கமாகத் தள்ளுவார். அந்த ஈர விரல் பட்ட மூலைகள் நாளடைவில் பழுப்பேறிச் சுருண்டுவிட்டன. ஜெயமலருக்கு அந்தப் பக்கங்களைத் தொடவே கூசும். ஒரு துண்டுப் பேப்பரால் மூலையைப் பிடித்துத்தான் திருப்புவாள். அருவருப்பு என்பது பெரிய பெரிய காரியங்களில் தொடங்குவதில்லை. அவளுக்கு அது அந்த எச்சில் விரலில்தான் தொடங்கியது.

பத்மநாதனுக்கு இன்னொரு புகழும் உண்டு. நம்மவர் யாராவது இறந்துபோனால் முப்பத்தோராம் நாள் ஒரு நினைவுப் புத்தகம் அடித்து வந்தவர்களுக்குக் கொடுப்பார்களே, கல்வெட்டு என்று, அதை எழுதுவதில் இந்த நகரத்தில் அவரை விஞ்ச ஆளில்லை. முந்நூறுக்குக் குறையாமல் எழுதியிருப்பார். அவருடைய கல்வெட்டில் எந்தப் பிணத்துக்கும் ஒரு குற்றம் குறை கிடையாது. குடித்தே ஈரல் கரைந்தவர் "நண்பர்களோடு கலகலப்பாகப் பழகியவர்" ஆவார். பெண்டாட்டிக்கு அடித்தவர் "கண்டிப்பும் கனிவும் மிக்க குடும்பத் தலைவர்" ஆவார். அதே கையால் அவர் ரஷ்யரின் வாழ்க்கையையும் எழுதுவார் என்று ஜெயமலர் எதிர்பார்க்காமல் விட்டதுதான் பிழை.

வெளியீட்டு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை. புத்தகப் பெட்டிகள் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தது அதற்கு முந்தைய வியாழன். பத்மநாதன் வெளியே போயிருந்த நேரம் அவளே நாடாவை வெட்டி முதல் பிரதியை எடுத்தாள். "மானுடப் பேரொளி அர்தேமியேவ்: வாழ்வும் படைப்பும்." கீழே, "ரஷ்ய மூலத்திலிருந்து தமிழில்: பத்மநாதன்." அது அவளுக்குத் தெரிந்ததுதான். நன்றிப் பக்கத்தைப் பார்த்தாள். அச்சகத்தாருக்கு நன்றி, லாப்டொப்பைத் திருத்திக் கொடுத்த தம்பிக்கு நன்றி, அதற்குக் கீழே "வேளாவேளைக்குத் தேநீர் தந்துதவிய என் துணைவியாருக்கும்" நன்றி. சரி, போகட்டும் என்று ஒன்பதாம் அத்தியாயத்தைத் தேடினாள்.

ஒன்பதாம் அத்தியாயம் இல்லை. எட்டு முடிந்ததும் பத்தாவது அத்தியாயம் ஒன்பது என்ற இலக்கத்தோடு நின்றது. எட்டின் கடைசியில் நாலு வரி புதிதாக முளைத்திருந்தது. "கணவனின் இலட்சியமே தன் இலட்சியமென வாழ்ந்த லித்யா அம்மையார், மேதையின் நிழலாய், இல்லத்தின் விளக்காய்த் திகழ்ந்தார்."  ஜெயமலர் எழுந்து போய், வாந்தி வருமோ என்று சமையலறைச் சிங்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த அத்தியாயம் முழுக்க லித்யாவைப் பற்றியது. அர்தேமியேவின் மனைவி. அவருடைய பெரிய நாவலை ஆறு தடவை தன் கையால் பிரதி எடுத்துக் கொடுத்தவள். அவர் கிறுக்கித் தள்ளுவார், அவள் எழுத்தெழுத்தாகப் படித்துச் சுத்தமாக எழுதுவாள், அவர் திரும்பக் கிறுக்குவார். அவர்களுடைய நாலு வயது மகன் காய்ச்சலில் இறந்துபோன நாளிலும் மேல்மாடியிலிருந்து அவர் பதினான்கு பக்கங்களைக் கொடுத்தனுப்பினார். பிள்ளையைக் கிடத்தியிருந்த அறைக்குப் பக்கத்து அறையில் இருந்து அவள் எழுதி முடித்தாள். அன்றைய நாட்குறிப்பில் அந்த மகான் எழுதியது இவ்வளவுதான்: "பதினான்கு பக்கம் முடிந்தது. வீட்டில் அழுகை, வேலைக்கு இடைஞ்சல்." பிற்காலத்தில், தன்னுடைய கையெழுத்துப் பிரதிகளை வேறொரு கை தொட்டதே இல்லை என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார்.

அந்த அத்தியாயத்தைப் படித்த பிறகும் அவருடைய நாவல்களை ஜெயமலரால் நேசிக்க முடிந்தது. ஆனால் அந்த மனிதரை நினைத்தால் குமட்டும். இரண்டையும் சேர்த்துச் சொல்கிற புத்தகம் என்பதால்தான் அதைத் தமிழில் கொண்டுவர வேண்டும் என்று ஒன்பது வருடம் தொண்டை கட்டக் கட்ட வாசித்தாள். மற்ற எல்லாப் பக்கமும் பத்மநாதனின் கையில் போய்ப் பூப்பூவாக வந்தாலும், அந்த ஒன்றை மட்டும் அவளே ஒரு கொப்பியில் எழுதி, இதில் கை வைக்கவேண்டாம் என்று சொல்லிக் கொடுத்திருந்தாள். பத்மநாதன் சொல்லுக் கேட்டார். அதில் ஒரு சொல்லிலும் கை வைக்கவில்லை. முழுதாகத் தூக்கிவிட்டார்.

அவர் வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தை மேசையில் போட்டாள்.

"ஒன்பதாம் அத்தியாயம் எங்கை?"

"அதையோ கேக்கிறீர்?" என்று சப்பாத்தைக் கழற்றினார். "உலகம் போற்றுற மனுசன். செத்து எத்தினை வருசம். அவற்ற வீட்டுக் குப்பையை நாங்கள் ஏன் கிண்டுவான்? சனம் முகம் சுழிக்கும்."

"அது குப்பையில்லை. அது அவவின்ர சீவியம்."

"அவவைப் பற்றித்தான் நாலு வரி நல்லதா எழுதியிருக்கிறனே."

"உங்கட நாலு வரியைப் படிச்சிட்டுத்தான் சத்தியெடுக்க நிண்டனான்."

பத்மநாதன் பயந்துவிட்டார். மனைவி சத்தம் போடுகிறவள் அல்ல. விழாவுக்கு மூன்று நாள்தான் இருந்தது. பட்டுச் சேலையோடு அவள் முன் வரிசையில் இல்லாவிட்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள்.

"சரி. மேடையில சொல்லுறன். ஒரு அத்தியாயம் விட்டுப்போச்சு, அதிலை இன்னது இருக்கெண்டும் சொல்லுறன். மொழிபெயர்த்தது நீர் எண்டும் சொல்லுறன். போதுமே?"

"நிலாணியின்ர தலையில அடிச்சுச் சொல்லுங்கோ."

கல்கரியில் இருக்கிற மகளின் தலையில் அடித்து, மார்க்கத்தில் நின்று சத்தியம் செய்தார். அவளுக்கு அது போதும். புத்தக அட்டையில் தன் பெயர் இல்லாவிட்டாலும் காரியமில்லை, வாயால் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும் என்று இறங்கி வந்தாள். இறங்கி இறங்கியே பழகிவிட்ட மனுசி.

ஸ்காபரோவில் ஒரு பார்ட்டி மண்டபம். நாலு மணி விழா ஐந்தரைக்குத் தொடங்கியது. மேடையில் அர்தேமியேவின் பெரிய படம். யாரோ அதற்கு மாலை போட்டு, தாடிக்கு மேலே அந்த அகன்ற நெற்றியில் சந்தனப் பொட்டும் வைத்திருந்தார்கள். விளக்கேற்றினார்கள். கனடா கீதம், தமிழ்மொழி வாழ்த்து, இறந்தவர்களுக்கு அகவணக்கம் எல்லாம் முறைப்படி நடந்தன. நிகழ்ச்சித் தொகுப்பாளர் சச்சிதானந்தன் மைக்கை விழுங்குவதுபோல் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்.

நாலு பேர் ஆய்வுரை செய்தார்கள். புத்தகம் வியாழக்கிழமைதான் வந்தது, ஒருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஒருவர் தான் கியூபாவுக்குப் போன கதையைச் சொன்னார். இன்னொருவர், குடியையும் சூதையும் தீண்டாத துறவி அர்தேமியேவ் என்றார். சீட்டாட்டத்தில் ஒரு கிராமத்தையே தோற்ற மனிதரைப் பற்றி! வீடு விற்றுக் கொடுக்கும் முகவர் றோய் முதற்பிரதியை வாங்கிக்கொண்டு புகைப்படக்காரருக்குப் பல்லைக் காட்டினார். அதற்குப் பிறகு புத்தகத்தைக் கதிரைக்குக் கீழே வைத்துவிட்டு அதன்மேல் தன்னுடைய ரோல்ஸ் பலகாரத் தட்டை வைத்தார். ஜெயமலர் எண்ணெய் ஊறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 

கடைசியில் பத்மநாதனின் ஏற்புரை. இருபத்தைந்து நிமிடம் பேசினார். "அந்த மொழி ஒரு பெருங்காடு. அந்தக் காட்டுக்குள்ளே நான் தன்னந்தனியாக நடந்தேன்" என்றார். கைதட்டல். தேநீர் தந்த துணைவியாருக்கு நன்றி என்றார். அதற்கும் கைதட்டல். ஜெயமலர் கழுத்தை நீட்டி, அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தாள். அவர் "நன்றி, வணக்கம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். அவள் அவரையே பார்த்தாள். அவர் அவள் பக்கம் திரும்பாமல் படத்திலிருந்த மாலையை ஆராய்ந்துகொண்டிருந்தார். சீ, இந்த மனுசனுக்கு முப்பத்து மூன்று வருடம் தேநீரில் சீனி போட்டுக் கொடுத்தேனே என்று நினைத்தாள்.

அப்போதுதான் சச்சிதானந்தன் குதித்து வந்தார்.

"அண்ணைக்கே தெரியாத ஒரு சர்ப்ரைஸ்! பாதர்ஸ்ட் வீதியில ரஷ்ய வாசகர் வட்டம் நடத்துற வேரா அம்மையார் எங்களோட இருக்கிறா. ரஷ்யன்லதான் பேசுவா. மொழிபெயர்க்க எங்கட அண்ணை இருக்கேக்க என்ன கவலை!"

முன் வரிசையில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி எழுந்தாள். எம்.பி.யின் அலுவலகத்திலிருந்து வந்திருக்கிறாள் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். பத்மநாதனின் முகம் வெளிறிப்போயிற்று. மைக்கைக் கையில் வாங்கினார், கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தார், இருமினார்.

"பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போச்சு. என்ர மனுசிக்கும் கொஞ்சம் ரஷ்யன் தெரியும். நான் பழக்கினனான். ஜெயமலர், இஞ்சை வாரும்."

நான் பழக்கினனான். ஜெயமலர் எழுந்து மேடைக்குப் போனாள். 

வேரா முதலில் விழாவைப் பாராட்டினாள், எங்கள் அர்தேமியேவ் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாரே என்று மகிழ்ந்தாள். ஜெயமலர் தமிழில் சொன்னாள். பிறகு வேரா பத்மநாதன் பக்கம் திரும்பி ரஷ்ய மொழியில் கேட்டாள்.

"லித்யாவின் அத்தியாயத்தை எப்போது படித்தாலும் நான் அழுவேன். அதைத் தமிழில் எழுதும்போது உங்களுக்கு எப்படி இருந்தது?"

பத்மநாதன் அகலமாகச் சிரித்து, தனக்குத் தெரிந்த ஒரே ரஷ்யச் சொல்லைச் சொன்னார். "தா, தா." ஆமாம், ஆமாம்.

"எப்படி இருந்தது என்று கேட்டேன்."

"தா, தா."

கிழவி அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு ஜெயமலரிடம் திரும்பினாள். "இவருக்கு விளங்கவில்லையா?"

"இல்லை" என்றாள் ஜெயமலர், ரஷ்ய மொழியில்.

"அப்படியென்றால் மொழிபெயர்த்தது?"

"நான்."

"லித்யாவின் அத்தியாயம்?"

"இவர் வெட்டிவிட்டார். வீட்டில் ஒரு கொப்பியில் இருக்கிறது."

வேராவின் முகம் சிவந்தது. "நான் சொல்கிறேன். இவர்களுக்கு அப்படியே சொல்."

பத்மநாதனுக்கு வார்த்தை விளங்காவிட்டாலும் முகம் விளங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு காதுக்குள் முணுமுணுத்தார். "வேறை ஏதும் சொல்லும். புத்தகம் நல்லாயிருக்காம் எண்டு சொல்லும்."

இந்த ஒன்பது வருடத்தில் ஜெயமலர் ஒரு வரியைக்கூட விட்டதில்லை. களைப்பில் கண் சொருகினாலும் விட்டதில்லை. இன்றைக்கு விடுவதா? மைக்கை வாயருகே பிடித்து, வேரா சொல்லச் சொல்ல, நிதானமாகச் சொன்னாள்.

"இந்த அம்மா சொல்லுறா: இவருக்கு ரஷ்யன் ஒரு சொல்லும் தெரியாது. இந்த அம்மா சொல்லுறா: புத்தகத்தை மொழிபெயர்த்தது இவற்ற மனுசி. இந்த அம்மா சொல்லுறா: எழுத்தாளரின்ர மனுசி பிள்ளை செத்த நாளிலயும் அவருக்கு எழுதிக் குடுத்தவ, அந்த அத்தியாயத்தை இவர் வெட்டிப்போட்டார். அப்பிடி வெட்டுறது களவு எண்டு சொல்லுறா. இவ்வளவும் அவ சொன்னது. நான் ஒண்டும் கூட்டேல்லை, குறைக்கேல்லை."

 யாரோ ஒரு பெண் "ஐயோ" என்றாள்.  சொல்லியாயிற்று. சொல்லவேண்டிய வாய் சொல்லாவிட்டாலும் சபைக்குச் சொல்லியாயிற்று.

சச்சிதானந்தன் பாய்ந்து வந்து மைக்கைப் பிடுங்கினார்.

"பாத்தியளோ சபையோரே! எங்கட அண்ணையின்ர தன்னடக்கத்தைப் பாத்தியளோ! மனுசிக்குப் பேர் கிடைக்கவேணுமெண்டு ரஷ்யன் தெரியாத ஆள் மாதிரி நிண்டவர்! அக்கா போல ஒரு துணை கிடைக்க அண்ணை குடுத்து வைக்கவேணும். பொன்னாடையைக் கொண்டு வாங்கோ!"

இரண்டு பேர் பொன்னாடையோடு ஓடி வந்து அவளைப் போர்த்தினார்கள். சபை எழுந்து நின்று கைதட்டியது. முன் வரிசையில் இருந்த செலீன் அன்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பத்மநாதனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இன்னொரு மைக்கை எடுத்து, "வீட்டில இப்பிடி ஒரு ரஷ்யன் இருக்கேக்க நான் ஏன் படிக்கவேணும்?" என்றார். மண்டபம் குலுங்கிச் சிரித்தது. அவரும் சிரித்தார். வாயோரத்தில் ரோல்ஸ் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது.

வேரா ஜெயமலரின் முழங்கையைப் பிடித்தாள். "ஏன் கைதட்டுகிறார்கள்? நான் சொன்னதை நீ சொல்லவில்லையா?"

"ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன்."

"பிறகு?"

"நான் நல்ல மனைவி என்கிறார்கள்."

கிழவி அந்தச் சபையைப் பார்த்தாள், சந்தனப் பொட்டோடு இருந்த படத்தைப் பார்த்தாள். "தூ!" என்றாள். அதைச் சபைக்கு மொழிபெயர்க்கத் தேவை வரவில்லை. ஆனாலும் சபை அதையும் ரஷ்ய வாழ்த்து என்று நினைத்துக் கைதட்டியது.

அடுத்த சனிக்கிழமை காலை பத்மநாதன் குளித்து, திருநீறு பூசி, லாப்டொப்போடு வந்து மேசையில் உட்கார்ந்தார். ஒரு கிழமையாக அவருக்குப் பாராட்டுத் தொலைபேசிகள். அடுத்தது அர்தேமியேவின் பெரிய நாவலே தமிழில் வருகிறது என்று இரண்டு வானொலிகளில் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"வாருமன், துவங்குவம். சனம் கேக்குது."

ஜெயமலர் வந்து உட்கார்ந்தாள். கையில் நாவல் இல்லை, பழைய வாழ்க்கை வரலாறு இருந்தது. பக்கத்தைத் துண்டுப் பேப்பரால் பிடித்துத் திருப்பி, ரஷ்ய மொழியில் வாசிக்கத் தொடங்கினாள். அவர் விரல்களை விசைப்பலகைக்கு மேலே பிடித்துக்கொண்டு தமிழுக்காகக் காத்திருந்தார். அவள் ஒரு பந்தியை முடித்து அடுத்த பந்திக்குப் போனாள்.

"தமிழில சொல்லுமன்."

"இனி நான் மூலத்தில மட்டுந்தான் வாசிப்பன்" என்றாள் ஜெயமலர். "ரஷ்யன் தெரிஞ்ச ஆளுக்கு அது போதுந்தானே."

"என்ன விசர்க்கதை இது? ரேடியோவில சொல்லிப்போட்டன். ஆக்கள் கேட்டா நான் என்ன சொல்லுறது?"

அவள் வாசித்துக்கொண்டே போனாள். குரலை ஏற்றவில்லை, இறக்கவில்லை. மேல்மாடியிலிருந்து பதினான்கு பக்கங்கள் வந்த இடம், பிள்ளையைக் கிடத்தியிருந்த அறை, மை காய்வதற்குள் அடுத்த பக்கம் எடுத்த கை, ஒன்றையும் விடவில்லை. பத்மநாதன் முதலில் அதட்டினார், பிறகு குழைந்தார், பிறகு விரல்களை விசைப்பலகையில் அப்படியே வைத்துக்கொண்டு அவள் வாயைப் பார்த்தார்.

"ஜெயமலர், எனக்கு ஒண்டும் விளங்கேல்லை" என்றார் கடைசியில். அந்த வீட்டில் அவர் உண்மை சொன்னது அன்றைக்குத்தான்.

"தெரியும்" என்று அவள் ரஷ்ய மொழியில் சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.